கேள்வி – பதில்

கேள்வி: பியானோ, சோலோ, சொப்ரானோ எல்லாம் ஆங்கிலச் சொற்கள்தானே?
– ஒரு வாசகர், குருவிகுளம்

பதில்: இல்லை, மூன்றும் இத்தாலியிலிருந்து வந்தவை. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய இசைமேதைகளின் ஏடுகள் ஐரோப்பா முழுக்கப் பரவின. இதை மெல்ல வாசி, அதை விரைந்து வாசி என்ற குறிப்புகளும் அவர்கள் மொழியிலேயே சென்றன. ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'சோலோ' என்றால் நம் ஊர்ப் பேச்சில் ஒண்டியாக. 1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி என்பவர் செய்த கருவிக்கு 'மெல்லவும் உரக்கவும்' என்று பொருள்படப் பெயர். இன்று 'மெல்ல' மட்டும்தான் மிச்சம்: பியானோ!

வயலினும் இத்தாலியப் பெயர்தான். அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. சென்னைப் பக்கம் ஐரோப்பியரிடம் கற்றவர், எட்டயபுரம் அரண்மனை வித்வான் ஆனார். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் அங்கிருந்தே 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற இசை நூலை வெளியிட்டார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் அங்கேதான். உங்கள் ஊரிலிருந்து கழுகுமலை, கோவில்பட்டி தாண்டினால் எட்டயபுரம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவசியம் போய்ப் பாருங்கள்.