பிரெஞ்சு எடுத்த பையன்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் தர்மபுரியில் இவனை எந்தப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் மார்க் ஷீட் ஃபைலை வைத்தபடி, அரூரிலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ வந்து இறங்குவான். அட்மிஷன் மேசையில் எந்த குரூப் என்று முடிவானதும், "லாங்குவேஜ் என்னங்க?" என்று கேட்பார்கள்.

"தமிழ்தாங்க. வேற என்ன?" என்பார் அப்பா.

"தமிழ்ல சென்டம் வராதுங்க. பிரெஞ்சு போட்டுக்கோங்க. ஈஸியா வாங்கிடலாம்."

சென்டம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு அப்பாவுக்கு வேறெதுவும் கேட்காது. பையனிடம் யாரும் கேட்பதே இல்லை. அவனும் பிரெஞ்சு வேண்டும் என்று சொன்னதில்லை. செய்யுளும் புணர்ச்சி விதியும் ஒழிந்தால் சரி என்ற நிம்மதி மட்டும் முகத்தில் தெரியும். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரைதான் தமிழைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பதினொன்றில் கதவு திறந்துவிடும்.

இந்த சென்டத்தால் என்ன ஆகும் என்று கேட்கக்கூடாது. பொறியியல் கட் ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழிக்கு அதில் இடமே இல்லை. மருத்துவம் என்றால் நீட். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் 2017-இல் அரசு நிறுத்திவிட்டது. மிஞ்சியிருப்பது பள்ளி வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸும் சித்தப்பா வீட்டுக் கல்யாணமும்தான். இரண்டு இடத்திலும் பிரெஞ்சு சென்டத்துக்கு மவுசு குறையவே இல்லை.

ஆக, பதினாறாவது வயதில் அவன் ஏ, பி, சி-யிலிருந்து தொடங்குகிறான். சொல்லிக்கொடுக்கும் சார் வேறு ஏதோ பட்டம் வாங்கியவர். பிறகு சென்னை அல்லது புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் சில படிகள் ஏறி முடித்து, இப்போது இரண்டு மூன்று பள்ளிகளுக்கு பஸ் மாறி மாறிப் போகிறவர். இந்தப் பக்கம் அவர் பிரெஞ்சைத் திருத்த ஆள் கிடையாது என்பதால் நல்ல தன்னம்பிக்கையோடு இருப்பார். பேச்சு எல்லாம் அப்புறம், முதலில் டேபிள் என்பது அவர் கொள்கை. வினைச்சொல்லை ஆறு கட்டத்தில் எழுதவேண்டும்: நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள். கடைசி எழுத்துகள் மாறுவதை எவனும் இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிடுவான். வில்லங்கம், வேரே மாறும் வினைகளில்தான்.

'சாப்பிடு' என்பதற்கு மான்ஜே. 'நாம் சாப்பிடுகிறோம்' என்றால் நூ மான்ஜோன். பிரெஞ்சில் 'ஜி' என்ற எழுத்துக்கு 'ஓ' பக்கத்தில் வந்தால் 'க' ஒலி வந்துவிடும். அப்படியே விட்டால் 'மாங்கோன்' என்று மாம்பழக் கூழ் வாசனை அடிக்கும். அதைத் தடுக்க நடுவில் ஒரு 'ஈ' எழுத்தைச் சேர்க்கவேண்டும். சார் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்: "நாம எல்லாம் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தா ஈ வரும்டா." ஒரு வகுப்பில் சொன்னால் எந்தப் பையனும் செத்தாலும் மறக்கமாட்டான்.

'தொடங்கு' என்றால் கொமான்சே. அதில் 'நாம்' வரும்போது 'சி'க்குக் கீழே ஒரு வால் போடவேண்டும், இல்லாவிட்டால் அதுவும் 'க' ஆகிவிடும். 'வாங்கு', ஆஷ்தே: நான், நீ, அவன், அவர்கள் வாங்கினால் நடு எழுத்தின் தலையில் ஒரு கோடு ஏறும். நாமும் நீங்களும் வாங்கினால் கோடு கிடையாது. 'கூப்பிடு', ஆப்லே: அதே நாலு பேருக்கு 'எல்' இரண்டு, நமக்கும் உங்களுக்கும் ஒன்று. 'பணம் கட்டு' என்பதற்கான பேயே மட்டும் தாராளம். 'நான் கட்டுகிறேன்' என்பதை இரண்டு விதமாக எழுதலாம், இரண்டும் சரி. எப்படி எழுதினாலும் கட்டுகிறவர் அப்பாதான்.

விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து இதை அவன் ஓதுவதை ஆயா கேட்டுக்கொண்டிருப்பார். "ஜு மான்ஜ், தூ மான்ஜ், இல் மான்ஜ்..." ஆயாவின் காதில் 'மாஞ்சு' மட்டும் விழும்.

"ஏங் கண்ணு இப்படி மாஞ்சு மாஞ்சு படிக்கணும்? வந்து ஒரு உருண்டை களி தின்னுட்டுப் போ."

அந்த வீட்டில் அந்த வினைச்சொல்லுக்குப் பொருத்தமாகப் பதில் சொன்னவர் ஆயா ஒருவர்தான். பையனுக்கு அது உறைக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை மான்ஜே என்பது ஆறு கட்டம், ஒரு ஈ, முழு மார்க். பசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விருந்தாளிகள் வரும்போது, "பிரெஞ்சுல எதாச்சும் பேசிக் காட்டுடா" என்பார் அப்பா. அவனுக்குப் பேச எதுவும் தெரியாது. ஆகவே 'கூப்பிடு' என்பதை ஆறு கட்டமும் ஒப்பிப்பான். சித்தப்பா அசந்துபோய், "ஃபாரின் போயிட்டா பிரச்சினையே இல்ல" என்பார். பாரிஸில் இறங்கி ஒருவரை நிறுத்தி, நான் கூப்பிடுகிறேன், நீ கூப்பிடுகிறாய், அவன் கூப்பிடுகிறான் என்றால் போலீஸ்தான் வரும். அதை யார் சித்தப்பாவிடம் சொல்வது?

ஒருமுறை குடும்பத்தோடு புதுச்சேரி போவார்கள். திருவண்ணாமலை தாண்டும்போதே அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார், மொழிபெயர்ப்பாளன் கூடவே வருகிறான் அல்லவா. கடற்கரைப் பக்கத்துத் தெருமுனையில் நீலப் பலகையைக் காட்டி, "என்ன போட்டிருக்கு?" என்பார். பையன் எழுத்துக் கூட்டி, "ரூ டுமாஸ்" என்பான். அந்தக் கடைசி 'ஸ்'ஸுக்கு பிரெஞ்சில் சத்தமே கிடையாது. இவனோ காசு கொடுத்து வாங்கிய எழுத்து எதையும் வீணாக்கமாட்டான்.

"அப்படின்னா?"

"டுமாஸ் தெரு."

"அதான் தமிழ்லயே கீழ போட்டிருக்கே."

இவனை முழுதாகப் புரிந்துகொண்டவர் பள்ளியில் ஒருவர் உண்டு, தமிழய்யா. மதிய இடைவேளையில் பிரெஞ்சு சாரின் நோட்டை வாங்கிப் புரட்டுவார். "நடுவுல ஒரு எழுத்து வருதா? அது தோன்றல். ஒண்ணு இன்னொண்ணா மாறுதா? திரிதல். எல் ரெண்டாகுதா? ஆறு, ஆற்றில்னு நம்ம ஒற்று இரட்டிக்கலையா, அந்த மாதிரிதான். பவணந்தி முனிவர் நன்னூல்ல போட்டுவச்சது எல்லாம் இதுல இருக்கேப்பா. இதுக்கா பயந்து அங்க ஓடினான்?" என்று சிரித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். பிரெஞ்சு சாருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். இரண்டு பேருக்கும் சம்பளம் ஒரே அளவில்தான் வருகிறது என்பதால் பெரிதுபடுத்துவதில்லை.

சென்டம் வந்தது. ஃப்ளெக்ஸில் கன்னம் சிவக்க சிரித்தான். பொறியியல் முடித்தான், ஓசூரில் ஒரு கம்பெனியில் சிலகாலம் இருந்தான், திரும்பி வந்தான். இப்போது தர்மபுரி பஸ் நிலையம் பக்கத்து மாடியில் குரூப் 4 கோச்சிங். 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு அங்கே தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இருபத்தைந்து வயதில் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கி வந்திருக்கிறான்.

அன்று பகுபத உறுப்பிலக்கணம். பலகையில் 'சென்றான்' என்று எழுதினார் ஆசிரியர். செல், ற், ஆன். செல்லில் உள்ள 'ல்', 'ன்' ஆனது விகாரம். பக்கத்து பெஞ்சில் பி.ஏ. தமிழ் முடித்தவரே தலையைச் சொறிந்துகொண்டிருக்க, இவன் முகத்தில் மட்டும் ஒரு பிரகாசம். வேர் மாறுவது இவனுக்குப் பழகிய சங்கதி. நோட்டில் ஸ்கேல் வைத்து ஆறு கட்டம் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான்.

"சார், 'நாம்', 'நீங்கள்' ரெண்டுக்கும் மட்டும் மாறாதுங்களே?"

"ஏம்ப்பா, அவங்க ரெண்டு பேரும் போகவே இல்லையா?"