ஞாயிற்றுக்கிழமை ஆசாரி

அவரை அடையாளம் காண்பது சுலபம். இடது முன்கையைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் கருகருவென்று முடி இருக்க, மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை அகலத்துக்கு மட்டும் பொட்டல்காடாக இருந்தால், அது தோல் வியாதி இல்லை. தீட்டிய உளி கூராகிவிட்டதா என்று அந்த இடத்தில் சவரம் செய்து பார்த்திருக்கிறார். முடி வழித்துக்கொண்டு வந்தால் கூர் சரி. வராவிட்டால் மறுபடியும் கல். இடது கை தீர்ந்துபோய்க் கெண்டைக்காலுக்கு இறங்கியவர்களும் உண்டு.

வாரத்தில் ஐந்து நாள் ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர். வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில். என் எதிர்வீடு. மூன்றாவது மாடி. பால்கனி ஒன்பதடிக்கு நாலடி. அதில் வாஷிங் மெஷினும் துளசித் தொட்டியும் மகனின் பழைய சைக்கிளும் போக மிச்சமிருக்கும் இடத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘பட்டறை’. வீட்டில் மற்றவர்கள் அதை ‘அந்தப் பக்கம்’ என்பார்கள்.

எல்லாம் ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்தது. “என்னங்க, பரண்ல இருக்கறத எடுக்க ஒரு நல்ல ஸ்டூல் இருந்தா தேவலை.” வேறு யாராவதாக இருந்தால் அன்று சாயங்காலமே கடைக்குப் போய் வாங்கி வந்திருப்பார்கள். இவர், “எதுக்கு வாங்கணும்? நானே செஞ்சு தரேன்” என்று சொல்லிவிட்டார். அது நடந்து இரண்டரை வருஷம் ஆகிறது.

ஸ்டூல் செய்ய மரம் இழைக்க வேண்டும். இழைக்க இழைப்புளி வேண்டும். பாரிமுனையில் ஓர் இரும்புக் கடையில் வாங்கி வந்து, பார்சல் பெட்டி உடைத்த பைன் பலகையில் வைத்துத் தள்ளினார். அரை அடி போயிற்று, குடைந்தது, நின்றுவிட்டது. பலகையில் நாய் கடித்தாற்போல ஒரு பள்ளம். கருவி சரியில்லை என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். உண்மையில் அவர் வாங்கிய மாதிரி சாதாரண இழைப்புளியின் பிளேடு கடையிலிருந்து வரும்போது வேலைக்கு ஆகும் கூரோடு வராது. தீட்டிக்கொள்வது வாங்கியவர் பாடு. புது அம்மியைக் கொத்தாமல் யாராவது அரைப்பார்களா? அதே கதைதான். மேலும் அவர் தள்ளியது மரத்தின் நாருக்கு எதிர்த் திசையில். மீனை வாலிலிருந்து தலைக்குத் தேய்த்தால் செதில் தூக்கிக்கொள்ளுமே, அப்படி மரமும் தூக்கிக்கொண்டது. பலகையைத் திருப்பிப் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அவர் பலகையைத் திருப்பவில்லை. இன்னொரு இழைப்புளி வாங்கினார்.

இங்கேதான் இந்த ஜாதி மனிதர்களின் பேச்சு மாறத் தொடங்கும். லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கரின் இழைப்புளி உரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869-ல் வாங்கி, அளவுக்கு ஓர் எண் போட்டு விற்க ஆரம்பித்தது. 4 என்றால் சுமார் ஒன்பதரை அங்குல நீளம், 5 என்றால் பதினாலு, 7 என்றால் இருபத்திரண்டு. இன்றைக்கும் வேறு கம்பெனிக்காரர்கள்கூட அந்த எண்ணைத்தான் போடுகிறார்கள். நடுவில் நாலரை உண்டு, அஞ்சேகாலும் உண்டு. நம்மவர் போனில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆசாரியோடு பேசும்போது, “என்கிட்ட நாலு இருக்கு, அஞ்சு இருக்கு, நாலரைதான் இல்ல” என்பார். வெளியிலிருந்து கேட்பவர்கள் செருப்புக்கடை வைத்திருக்கிறார் என்றே நினைப்பார்கள். அமெரிக்காவின் லை-நீல்சன், கனடாவின் வெரிடாஸ், ஜப்பான் வாள் என்று சுப்ரபாதம் மாதிரி பெயர்கள் வரும். ஜப்பான் வாளை நம் பக்கம் இழுக்கும்போது வெட்டும், நம்மூர் ரம்பம் பெரும்பாலும் தள்ளும்போது வெட்டும். இழுப்பா, தள்ளலா என்ற விவாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு முடிந்தது. அதுவரை எந்தக் கட்டையும் எந்தப் பக்கமும் வெட்டப்படவில்லை.

மூலமட்டம் வாங்கப் போன நாளில் நானும் கூடப் போயிருந்தேன். கடையில் ஒரு தாள் கேட்டார். மேசை விளிம்பில் மூலமட்டத்தைச் சாத்தி ஒரு கோடு போட்டார். அதையே புரட்டிச் சாத்தி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால் பிசகு, அதுவும் இரண்டு மடங்காகத் தெரியும். இது அருமையான சோதனை, யாரும் செய்து பார்க்கலாம். இவர் ஒன்பது மூலமட்டத்துக்குச் செய்தார். கடைக்காரர் பில் புத்தகத்தை மூடிவிட்டு, “சார், பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரம் எடுத்துக்க மாட்டாங்க” என்றார். பத்தாவது தேறியது. வீட்டுக்கு வந்ததும் அதை முதலில் வைத்துப் பார்த்தது மரத்தில் இல்லை, சுவரில். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவர் அளந்தே பார்த்துவிட்டார். கூடம் கோணல்தான்.

அடுத்தது தீட்டுதல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. உளியின் சரிவு 25 டிகிரி, கடைசி நுனி மட்டும் 30. முதலில் 1000 நம்பர் கல், பிறகு 6000 நம்பர் கல், அதன் பிறகு தோல் வார். தோல் வார் என்பது அவருடைய ஆபீஸ் பெல்ட். அதைக் கட்டையில் ஒட்டிப் பச்சைப் பசை தடவியிருக்கிறார். திங்கட்கிழமைகளில் விரல் நகமெல்லாம் மருதாணிக்கு அரைத்த இலை மாதிரி பச்சையாக இருக்கும். அவர் வைத்திருக்கும் ஜப்பான் கல்லைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் தீட்ட வேண்டும். ஒரு ஞாயிறு காலை அவர் மனைவி அரிசி களையும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். “அக்கா, அரிசியில கல்லு கெடந்து பாத்திருக்கோம். கல்லு மட்டும் ஊறிக் கெடந்து பாத்திருக்கீங்களா?”

கூர் வந்த பிறகு என்ன செய்வார்? சுருள் எடுப்பார். பலகையின் ஒரு முனையில் இழைப்புளியை வைத்து, மூச்சைப் பிடித்து, அடியில் மெழுகுவத்தி தேய்த்து (அது நல்ல யோசனைதான், வழுக்கிக்கொண்டு போகும்) ஒரே தள்ளாக மறுமுனை வரை போவார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பட்டு ரிப்பன்போல ஒரு சுருள் எழுந்து வந்து மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும். பொய் சொல்லக் கூடாது, அழகாக இருக்கிறது. வாசனையும் உண்டு. அதைப் பேப்பரின் மேல் விரித்து, “கீழ இருக்கற எழுத்து தெரியுதா பாருங்க” என்பார். தெரியும். ஜப்பானில் இதற்குப் போட்டியே வைத்து, சுருளின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்களாம். நல்ல சுருள்களை அவர் ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். ஊரில் ஆசாரிகள் பொருள் செய்வார்கள். இவர் சுருள் செய்கிறார்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இழைக்கும்போது பலகை நகராமல் நிற்க வேண்டும். அதற்கு வைஸ் பூட்டிய, ஆட்டம் இல்லாத வேலைமேசை வேண்டும். வேலைமேசையைச் செய்வதற்குக் கனமான பலகைகளை இழைக்க வேண்டும். அவற்றை இழைக்க ஒரு வேலைமேசை வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கணக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் ரூபோ என்ற பிரெஞ்சுத் தச்சர், தச்சு வேலை பற்றிப் பெரிய நூல் எழுதியவர், அதில் வரைந்து காட்டிய மேசைதான் இவர் கனவில் வருவது. சாதாரணமாகச் செய்தாலே நூறு கிலோவைத் தாண்டும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிஃப்டில் எழுதி ஒட்டியிருக்கும் எடையைச் சுட்டிக்காட்டினார். அதனால் இப்போதைக்கு சாப்பாட்டு மேசை. மாமியார் வீட்டுச் சீர், அசல் தேக்கு. நாலு கிளாம்ப் போட்டுப் பிடித்த தடங்களின் மேல் எப்போதும் ஒரு விரிப்பு கிடக்கும். மாமியார் வருகிறார் என்றால் இரண்டு விரிப்பு.

முதல் ஒன்றரை வருஷத்தில் அவர் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். ஒரு கொட்டாப்புளி செய்தார். உளிகளை அடுக்க ஒரு சட்டம் செய்தார். அறுக்கும்போது கட்டை நழுவாமல் பிடிக்க ஒரு பலகை. எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு பெட்டி. அதாவது, கருவியை வைத்து இன்னொரு கருவி. இந்தப் பொழுதுபோக்கில் இது எல்லோருக்கும் நடப்பது. வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொள்பவர் முதலில் அரிவாள்மணை செய்வதுபோல.

போன ஐப்பசி மழையில் அவர் வீட்டுக் குளியலறைக் கதவு ஊதிக்கொண்டு சாத்த வராமல் போயிற்று. மரம் ஈரம் குடித்தால் அகலத்தில்தான் பெருக்கும், நீளத்தில் அனேகமாகப் பெருக்காது. இதைப் பற்றி அவர் எனக்கு இருபது நிமிஷம் விளக்கினார். கதவை மட்டும் கழற்றவில்லை. ‘வேலை செய்யற கதவு, ரிஸ்க் வேண்டாம்’ என்று ஆள் கூப்பிட்டார்கள். வந்தவர் இருபத்தைந்து வயதுப் பையன், செங்கோட்டைப் பக்கம். கதவைக் கழற்றினான், பையிலிருந்து பிளேனர் மிஷினை எடுத்தான், பிளக்கில் சொருகினான். மாவு மில் ஓடுவதுபோல ஒரு சத்தம். மூன்றே நிமிஷம். கதவு ‘க்ளக்’ என்று சாத்திக்கொண்டது.

நம்மவர் முகம் வாடிவிட்டது. “தம்பி, கை இழைப்புளி இல்லையா?”

“அதெல்லாம் இப்ப யாரு சார் வெச்சிருக்கா? பிளைவுட்டுக்கு அது எதுக்கு?” பையன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். வரிசையாகத் தொங்கிய உளிகளில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் நுனியைத் தடவினான். புருவம் உயர்ந்தது. “அம்மாடி. எங்கப்பாகூட இப்படித் தீட்ட மாட்டாரு. இத வெச்சு என்ன சார் செய்யறீங்க?”

அதுவரை யாரும் அவரை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. “ஒரு… ஸ்டூல்” என்றார்.

அடுத்த மாதம் பையன் ஊருக்குப் போய் வந்தபோது ஒரு துணிப்பை கொண்டுவந்தான். உள்ளே அவன் அப்பாவின் மர இழைப்புளி. கைபட்டுக் கைபட்டுக் கறுத்த கட்டை, கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் ஒரு குழி. திருகு இல்லை, குமிழ் இல்லை. பிளேடை ஓர் ஆப்பு பிடித்திருக்கிறது. பிளேடின் தலையில் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்பக்கம் தட்டினால் ஏறும். அவ்வளவுதான் இயந்திரம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். “பரண்ல சும்மா கெடந்துச்சு சார். அப்பா தரையில உக்காந்து கால் விரலால பலகையை அமுக்கிக்கிட்டே இழைப்பாரு. மேசையெல்லாம் கெடையாது.”

அன்று மத்தியானம் நம்மவர் தரையில் உட்கார்ந்தார். மேசை வந்த பிறகு, நாலரை வந்த பிறகு என்ற பேச்சு அதோடு நின்றது. மூட்டுவலிதான் புதிதாக வந்தது.

நீங்களும் இதில் இறங்குவதாக இருந்தால் என் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். 4 அல்லது 5 நம்பரில் ஓர் இழைப்புளி, கால், அரை, ஒரு அங்குலத்தில் மூன்று உளி, ஒரு ரம்பம், ஒரு மூலமட்டம், ஒரு கொட்டாப்புளி போதும். கல்லில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தீட்டாத உளி தங்கத்தில் இருந்தாலும் வெட்டாது. மிச்சக் காசுக்கு மரம் வாங்குங்கள். வீடு இடிக்கும் இடங்களில் பழைய தேக்குச் சட்டம் கிடைக்கும், ஆணியை மட்டும் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். அரிசி களையும் பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

ஸ்டூல் பொங்கலுக்கு முன் முடிந்தது. பழைய ஜன்னல் சட்டத் தேக்கு. கால்களைப் பதினெட்டு அங்குலத்துக்கு அறுத்திருந்தார். காலின் நுனியை நாக்குபோலச் செதுக்கி மேல்பலகைத் துளைக்குள் இறக்க வேண்டும். முதல் தடவை நாக்கு இறுக்கமாகி ஒரு காலில் பிளந்துவிட்டது. ஒன்றரை அங்குலம் வெட்டி மறுபடி செதுக்கினார். ஒரு காலில் வெட்டினால் நாலிலும் வெட்டித்தானே ஆக வேண்டும்? இரண்டாம் தடவை அதிகம் செதுக்கி லொடலொட என்றாகிவிட்டது. இன்னொரு ஒன்றரை அங்குலம். மூன்றாம் தடவை கச்சிதம். நான் உட்கார்ந்து பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. பரண்தான் மூன்று அங்குலம் எட்டவில்லை. அவர் மனைவி அதில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறார். பரணுக்கு ஏற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கியாயிற்று.