எடைக்குப் போடறதுக்கு முன்னால

வாடா பேராண்டி, இப்படி குந்து. சிதம்பரத்துல மெக்கானிக்கல் படிக்கிற புள்ள லீவுக்கு வந்ததுலேருந்து கொட்டாயில கெடக்கற ஆயில் இஞ்சினுக்குக் குளிர்சொரமே வந்துடுச்சி. காலையில அத நாலு பக்கமும் சுத்திப் பார்த்தியே, மாட்டுத் தரகன் பார்வைடா அது. "காயலாங்கடையில எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம் தாத்தா"ன்னே. போடலாம். தராசு பெருசா இருந்தா சொல்லு, நானும் ஏறிக் குந்திக்கிறேன். இஞ்சினவிட எனக்குத்தான் வயசு கூட.

ஆனா நேத்து ராத்திரி போன்ல ஒண்ணு டபடபன்னு ஓடவிட்டியே. "செருமன் மிசின்கன்னு தாத்தா, எம்.ஜி.3, இன்னமும் பட்டாளத்துல ஓடுது"ன்னு நெஞ்ச நிமிர்த்தினியே. அது எப்பப் பொறந்ததுன்னு பார்த்தியா? 1968ன்னு சொல்லுவ. அது பேரு வெச்ச வருசம். பொறந்தது 1942, இட்லரு காலம். என்னைவிட மூத்தது. அத மட்டும் ஏண்டா எவனும் எடைக்குப் போடல?

செருமன்காரன் நமக்கு ஒண்ணும் அசலூர்க்காரன் இல்ல. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராசுல எண்ணெய்த் தொட்டியக் கொளுத்திட்டு ஓடினானே எம்டன் கப்பல்காரன், அவன் பேரச் சொல்லித்தானே உங்க பாட்டி தெனம் உன்னத் திட்டறா. குண்டும் நமக்குப் புதுசில்ல. என் மாமியார் ஊடு குண்டு உப்பலவாடி. பேருலயே குண்டு. 1690-ல செஞ்சி மராட்டியர்கிட்ட வெள்ளக்காரன் தேவனாம்பட்டினம் கோட்டைய வெலைக்கு வாங்கினப்போ, கோட்டையிலேருந்து பீரங்கி சுட்டா குண்டு போயி விழற தூரம் வரைக்கும் நெலம் அவனுக்குன்னு பேச்சு. அந்த வட்டத்துக்குள்ள சிக்கினதெல்லாம் குண்டு கிராமம். பத்திரமில்ல, சர்வேயரு இல்ல, ஒரு வெடியில பட்டா! நம்ம பக்கத்து வயக்காரன் வருசா வருசம் வரப்ப வெட்டி வெட்டி அரை சாண் சேக்கறான், பாவம், அவனுக்கு இந்த வித்தை தெரியல. நீயும் சொல்லிக் குடுத்துடாத.

சரி, துப்பாக்கிக்கு வரேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு மொறைக்காத. பட்டாளத்துலேருந்து வந்த என் பங்காளி டீக்கடையில நாப்பது வருசமா இதத்தான் ஓட்டறான். டீக்காசு மட்டும் என்னுது.

மொதல்ல அவங்ககிட்ட இருந்தது எம்.ஜி.34. இரும்புக் கட்டியக் கடைஞ்சு கடைஞ்சு தேரு மாதிரி செஞ்சது. ஒண்ணு செய்ய 150 மணி நேர வேலையாம். சண்டை வாசல்ல நிக்கறப்போ தேரு செஞ்சிக்கினு இருந்தா ஆவுமா? குரோசுபூசுன்னு ஒரு கம்பெனி, தகரத்துல லாந்தர் வெளக்கு செஞ்சவங்க. அங்க வெர்னர் குரூனர்னு ஒரு இஞ்சினியரு. அந்தாளுக்குத் துப்பாக்கின்னா ஒண்ணுந் தெரியாது. தெரியலன்னு ஒத்துக்கினு, பட்டாளத்துப் பயிற்சியில போயி உக்காந்தாரு, சுடறவனக் கேட்டாரு. உன்ன மாதிரி எறங்கின அன்னிக்கே தீர்ப்பு சொல்லல. தகட்ட அச்சுல வெச்சு அழுத்தி, பத்த வெச்சு, 75 மணி நேரத்துல ஒண்ணு செஞ்சு எறக்கினாரு. நான் சொன்ன 1942-ல பொறந்தது அதுதான். நிமிசத்துக்கு 1,200 குண்டு. ஒரு 250 குண்டு தொடந்து போனா குழாய் பழுத்துடும். கல்நார்த் துணியால புடிச்சு வெளிய இழுத்து, வேற குழாய சொருவ சில விநாடிதான். பாட்டி கரித்துணியால சட்டி எறக்கறா பாரு, அந்த வேகம்.

இத அமெரிக்காக்காரன் பார்த்தான். ஆசை வந்துடுச்சி. நம்ம குண்டு போட்டு இதே மாதிரி செய்யின்னு ஒரு கம்பெனிக்குக் குடுத்தான். டி24ன்னு பேரு வெச்சான். பேரு வெச்சவன் அளவு வெக்கல. செருமன் குண்டோட கூடு 57 மில்லிமீட்டரு, இவன் குண்டுக்கூடு 63. அந்த நீளத்துக்கு உள்ள எடம் வுடணும்ல? வுடல. சுட்டா சிக்குது, கூடு வெளிய வர மாட்டேங்குது. பார்த்தான், 1944-ல மூட்ட கட்டிட்டான். ஏண்டா சிரிக்கிற? போன மாசம் கடலூருக்குப் போயி இஞ்சினுக்குப் பெல்ட்டு வாங்கியாந்தியே, ஒரு சாண் கட்டையா? அது இன்னும் எருமைக்குத் தும்பாத்தான் கெடக்குது.

சண்டை தோத்து, செருமனி ரெண்டா பொளந்து, 1955-ல மேக்கு செருமனி மறுபடி பட்டாளம் சேத்துது. பழைய துப்பாக்கியே வோணும், ஆனா அசல் வரைபடம் கையில இல்ல. ரைன்மெட்டல்காரன் இன்னா பண்ணான்? பழசு ஒண்ணப் புடிச்சுப் பிரிச்சுப் போட்டு, ஒவ்வொரு துண்டா அளந்தான். புது குண்டு 7.62, கூடு 51 மில்லிமீட்டரு. அதுக்குத் தக்கன குழாய மாத்தினான், உள்பக்கம் குரோமியம் பூசினான். ஒடம்பத் தொடல. அது எம்.ஜி.1. மூலையில கெடந்த சண்டைக்காலத்துப் பழசுகளுக்கும் புது குண்டுக்கு வழி பண்ணிக் குடுத்தான், அது எம்.ஜி.2. அப்புறம் குண்டு கோத்த பெல்ட்டு. ஒரே சங்கிலியாத் தொங்கற பழசும் ஏறணும், சுட்டதும் துண்டு துண்டா உதுர்ற புதுசும் ஏறணும்னு சரிபண்ணதுதான் நீ காட்டின எம்.ஜி.3. ஆஸ்திரியாக்காரன் 1974-ல இன்னும் கெட்டிக்காரன். உள்ள ஓடற போல்ட்ட கனமாக்கி, நிமிசத்துக்கு 850-ன்னு வேகத்தக் கொறைச்சான். புதுசு பண்றதுன்னா வேகம் கூட்டறதுன்னு உனக்கு எவன் சொன்னது? ஒன் பைக்க நெனச்சுத்தான் கேக்கறேன்.

நம்ம பட்டாளத்துல இருக்கற எம்.ஏ.ஜி. துப்பாக்கி, கான்பூர்ல செய்யறது. பெத்தவன் பெல்ஜியத்துக்காரன். பெல்ட்ட இழுத்து உள்ள தள்ற வேலை இந்தச் செருமன்காரன்து, போல்ட்டு வேலை அமெரிக்கா பிரவுனிங்குது. மூணு ஊட்டுச் சீதனத்துல ஒரு கல்யாணம்.

குரூனரு கதை முடியல. சண்டைக்கப்புறம் ரசியாக்காரன் அவர அள்ளிக்கினு போனான். திரும்பி வந்து டிரெஸ்டன்ல வாத்தியாரானாரு. இன்னா பாடம் தெரியுமா? விவசாய எந்திரம்! 1958-லேருந்து மூணு வருசம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரு. நிமிசத்துக்கு 1,200 உயிரக் குறி வெச்ச மூளை கடைசியில நம்ம கொட்டாய்க்குத்தான் வந்து சேந்துது. அவரு இருந்தா இந்த இஞ்சினத் தட்டிப் பார்த்துட்டு நாலு வார்த்த நல்லதாச் சொல்லியிருப்பாரு. நீ வந்தே, எடை போடறே.

இப்ப எழுந்திரு. இந்தா சணல் கயிறு. புல்லி ரெண்டையும் சுத்தி இழுத்துப் புடிச்சு முடிச்சு போடு, அந்தக் கயித்தோட கடலூருக்குப் போயி இஞ்சினுக்குப் பெல்ட்டு வாங்கு. கடைக்காரன் "தெரியும் தம்பி, இதே சைசுதான்"னுவான், நம்பாத, கயித்த வெச்சுப் பாரு. அதுக்கப்புறமும் ஓடலன்னா தராசு கொண்டா, நானே தூக்கி வெக்கறேன்.

வர்றப்போ எனக்குக் கொட்டப்பாக்கு கால் கிலோ. சின்னதாப் பாத்து வாங்கு. போன வாட்டி வாங்கியாந்தது என் வெத்தல ஒரலு வாயில நுழையவே இல்ல.