பல்லேறாமை: கைமாறிய கியர் சைக்கிளை முன்வைத்து ஓர் ஆய்வு

சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்த நூல். பிறர் கொள்கைகளை எடுத்து மறுத்த பிறகே தன் கொள்கையை நிறுவுவது அதன் முறை. அந்த முறையைப் பணிவுடன் கடன் வாங்கி, பட்டமளிப்பு விழாக்களில் இதுவரை உரிய இடம் பெறாத ஒரு சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது: செகண்ட் ஹேண்டில் வாங்கிய மவுண்டன் பைக் கியர் மாற மறுப்பது ஏன்?

முதலில் ஆய்வுப்பொருள். சென்னை அடுக்ககம் எதிலும் மாடிப்படிக்கு அடியில் இது கிடைக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பரிசாக வந்து, கல்லூரியில் சேர்ந்ததும் ஸ்கூட்டரிடம் தோற்றுப்போன வண்டி. மலைக்கென்று செய்யப்பட்ட இது ஏறிய உச்சபட்ச மேடு கத்திப்பாரா மேம்பாலமாக இருக்கலாம். விற்பவர் சொல்வது: “கண்டிஷன் சூப்பர் சார். கியர் மட்டும் லேசா பாத்துக்கணும்.” இத்துறையின் மூல நூற்பா இதுவே. கீழே வருவதெல்லாம் அதற்கு உரை.

இனி பரபக்கம்.

எண்ணெய்வாதிகள் கூறுவது: எல்லாக் குற்றமும் வறட்சியால் வருவது; ஆகவே ஊற்றுக. கையில் கிடைத்தது தேங்காய் எண்ணெயானாலும் சரி என்பது இவர்களுள் தீவிரப் பிரிவினரின் துணிபு. இதற்கு மறுப்பு: எண்ணெய் சத்தத்தை அடக்குமே தவிர செயினைப் பல்லேற்றாது. மிகுதியாக ஊற்றினால் தெருப்புழுதி அத்தனையும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயோ மார்கழிக் காலையில் உறைந்தும் போகும். எனவே அவ்வாதம் ஒவ்வாது என்க.

திருப்புளிவாதிகளை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது, ஏனெனில் அவர்கள் கையில் ஆயுதம் இருக்கிறது. செயினைப் பல்லிலிருந்து பல்லுக்குத் தள்ளும் டெரெய்லரில் எச், எல் என்று பொறித்த இரண்டு சின்னத் திருகுகள் உண்டு. இவற்றைக் கண்டதும் திருகத் தோன்றுவது மனித இயல்பு. ஆனால் அவை எல்லைக்கற்கள் மட்டுமே. எச் திருகு, செயின் கடைசிச் சின்னப் பல்லைத் தாண்டி வெளியே விழாமல் காக்கும். எல் திருகு, பெரிய பல்லைத் தாண்டிச் சக்கரக் கம்பிக்குள் பாயாமல் காக்கும். மூன்றாவது பல்லுக்கும் நான்காவது பல்லுக்கும் நடுவே நடக்கும் தகராறில் இவ்விரண்டுக்கும் எந்த அதிகாரமும் கிடையாது. அப்படியும் எல் திருகைத் தளர்த்திவிட்டு மேட்டில் கடைசி கியரைப் போடுபவருக்கு, டெரெய்லர் கம்பிகளுக்குள் நுழைந்து சக்கரம், செயின், பாக்கெட் மூன்றையும் ஒரே நொடியில் சேதப்படுத்தும் காட்சி கிட்டும்.

மூன்றாமவர் விதிவாதிகள். “நம்ம ரோட்டுக்கு கியரே வேணாம் சார், நடுப்பல்லுல போட்டு ஓட்டுங்க” என்று சொல்லும் மெக்கானிக் அண்ணன் இம்மரபினர். இவரை எள்ளி நகையாடல் கூடாது. இவர் மரபின் வேர் பாரிஸ் வரை போகிறது. 1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ், போட்டியாளர்கள் டெரெய்லர் பூட்டுவதைக் கடைசிவரை விரும்பவில்லை. அங்கே அதற்கு அனுமதி கிடைத்தது 1937-இல்தான். கணக்கும் ஓரளவு விதிவாதிகள் பக்கமே நிற்கிறது. முன்னால் மூன்று, பின்னால் ஏழு, ஆகமொத்தம் 21 கியர் என்று வண்டியில் எழுதியிருப்பார்கள். முன்பக்கம் 42, 34, 24 பல்லும், பின்பக்கம் 14 முதல் 28 பல் வரையும் உள்ள வண்டியில் 42-ஐ 28-ஆல் வகுத்தாலும் ஒன்றரை, 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் ஒன்றரை. இரண்டு கியர், கால் உணர்வது ஒன்றே. போதாக்குறைக்கு இவ்விரண்டிலும் செயின் குறுக்கே சாய்ந்து ஓடித் தேயும். ஆயினும் ஏழில் ஆறு பல்லைத் துறந்து வாழ்வது துறவிக்குத் தகும். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தகாது.

இத்துடன் பரபக்கம் முற்றிற்று. சுபக்கம் வருமாறு.

கட்டைவிரலால் தட்டும்போது கேட்கும் ‘கிளிக்’ எங்கே பிறக்கிறது? ஹேண்டில்பாரில் உள்ள ஷிஃப்டரில். பல்சக்கரம் இருப்பதோ வண்டியின் மறுகோடியில். இரண்டுக்கும் இடையே தூது போவது 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே ஒரு கம்பி. 1980களின் நடுவில் ஷிமானோ இந்தக் கிளிக் முறையைப் பரவலாக்குவதற்கு முன், ஓட்டுபவரே காதால் கேட்டு நெம்புகோலை நகர்த்தி நிறுத்துவார். இப்போது அந்தக் காது வேலையைக் கம்பியின் இழுவிசை செய்ய வேண்டும். ஏழு பல் வண்டியில் ஒரு கிளிக்குக்குக் கம்பி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இழுபடும். செயின் 5 மில்லிமீட்டர் நகரும். கம்பி அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலே செயின் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்று, இரு பல்லுக்கும் நடுவில் கடகடவென்று புலம்பும்.

எனவே நோய்முதல் நாடுவோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்தத் திசையில் மறுக்கிறது? பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால் இழுவிசை போதவில்லை. கம்பி டெரெய்லருக்குள் நுழையும் இடத்தில் விரலால் சுழற்றக்கூடிய அட்ஜஸ்டர் இருக்கும். இடஞ்சுழியாகக் கால் சுற்று, பிறகு பெடலைச் சுற்றிப் பார்த்து, இன்னொரு கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்க மறுத்தால் கதை வேறு. அங்கே இழுப்பது ஸ்பிரிங். தடுப்பது அதிக இறுக்கம் அல்லது கம்பியின் மேலுறையான அவுட்டருக்குள் இருக்கும் துருவும் மண்ணும். அட்ஜஸ்டரைத் தளர்த்தியும் சோம்பலாகவே இறங்கினால் இன்னர் எனும் உள்கம்பியையும் அவுட்டரையும் சேர்த்து மாற்றுவதே வழி. மாற்றும்போது கடைக்காரர் பிரேக் அவுட்டரை வெட்டிப் போடாமல் பார்த்துக்கொள்ளவும். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், இழுத்தால் அமுங்கும். கியர் அவுட்டரில் நீளவாக்கில் ஓடும், அமுங்காது. வெளியே இரண்டும் ஒரே கறுப்பு.

ஏழாவது பல்லுக்குச் சரிசெய்தால் மூன்றாவது கெடுகிறது, மூன்றாவதைத் திருத்தினால் முதலாவது கோபித்துக்கொள்கிறது என்றால் அட்ஜஸ்டரை விட்டுவிடுங்கள், ஹேங்கர் வளைந்திருக்கிறது. டெரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு அது. அலுமினியச் சட்டங்களில், அடிபட்டால் சட்டம் தப்பட்டும் என்று இதை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். படிக்கட்டடியில் நாலு வண்டி ஒன்றன்மேல் ஒன்றாக வலப்பக்கம் சரிந்தால் முதலில் வளைவது இதுவே. என் முடிபில், “லேசா பாத்துக்கணும்” என்ற வண்டிகளில் பாதிப் பழி இந்தத் துண்டின் மேல்தான் விழ வேண்டும். ஆனால் எவரும் இதைக் குனிந்து பார்ப்பதில்லை. நிமிர்த்துவதற்குத் தனி அளவுகோல் உண்டு. மாற்றுவதென்றால் அந்தச் சட்டத்துக்கென்றே உள்ள ஹேங்கரைத் தேட வேண்டும்.

அழுத்தி மிதிக்கும்போது மட்டும் செயின் நழுவினால் அது தேய்மானம். செயின் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். ஆகவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றவும். எட்டில் ஒரு பங்கு என்றால் பல்சக்கரமும் உடன்போகும். பழைய பல்லில் புதுச் செயின் இன்னும் மோசமாக நழுவும்.

ஆதலின், வாங்கப் போகும் வாசகரே, பணத்தை எடுக்கும்முன் வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டெரெய்லரின் இரண்டு சிறு உருளைகளும் பல்சக்கரத்துக்குக் கீழே ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். திருப்புளி மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.