சப்ஜெக்ட் டு கரெக்‌ஷன்

பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் இருக்கும் என் மாமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் நான்கே நான்குதான். ‘மே பி’, ‘ஐ திங்க்’, ‘சப்ஜெக்ட் டு கரெக்‌ஷன்’, ‘பை ஓவர்சைட்’. நான்குமே நழுவுவதற்கானவை. முதல் இரண்டும் கல்லூரிக்குப் போகும் பேத்தி கொடுத்தவை. மற்ற இரண்டும் கூட்டம் நடத்த வந்த அதிகாரிகள் விட்டுப்போனவை. டச்சுக்காரன் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினான். செத்த தேதியைக்கூடக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். ஒரு ‘மே பி’ கிடையாது. பாவம், விவரம் பத்தாத ஆள்.

முன்பெல்லாம் கைமாத்து எப்போது வரும் என்று கேட்டால், “வெள்ளிக்கிழமை” என்று சொல்லி மாட்டிக்கொள்வார். இப்போது “வெள்ளிக்கிழமை, சப்ஜெக்ட் டு கரெக்‌ஷன்” என்கிறார். கேட்டவர் அதை ஏதோ சட்டப் பிரிவு என்று நினைத்து மரியாதையாகத் திரும்பிவிடுகிறார். வலைக்கடை பில்லின் அடியில் இருக்கும் ‘இ. அண்ட் ஓ.இ.’ என்ன என்று பேத்தியிடம் கேட்டார். தப்பு, விடுதல் இருந்தால் எங்களைப் பிடிக்காதே என்று அர்த்தமாம். “விக்கும்போதே தப்பிச்சிக்கிறானே!” என்று கடைக்காரர்மேல் தனி மதிப்பு வந்துவிட்டது.

வானிலை மையம் மட்டும்தான் அவரை ஏமாற்றியது. அவர்களுடைய ‘லைக்லி’க்குக் கணக்கு உண்டு: 25 முதல் 50 சதவீதம். ‘வெரி லைக்லி’ 75 வரை. அதற்கும் மேலே போனால் ‘மோஸ்ட் லைக்லி’. பேத்தி இதைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து அத்தை விடுவதில்லை.

“அரிசி வாங்கியாறியா?”

“மே பி.”

“நூத்துக்கு எவ்ளோ?”

இந்த நான்கும் செல்லுபடியாகாத இடம் ஏரி. இறால் பிடிக்கும் இடங்களான பாடுகளை முறைவைத்துப் பங்கிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றுக்கும் அதில் பழைய உரிமை. இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்றால் அவருக்குத்தான். அப்படி இன்னொருத்தர் முறையில் மாமா வலையை வைத்துவிட்டார். ஊர் கூடியது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“பை ஓவர்சைட்.”

ஊர்த்தலைவரான நாட்டார் அசரவில்லை. “இறாலும் பை ஓவர்சைட்டாதான் வலையில வுழுந்துச்சா? சரி, வித்த காச வையி.”

“கொஞ்சந்தான் கெடச்சிது, ஐ திங்க்.”

கூட்டத்துக்கு வெளியே, கூடையோடு நின்றிருந்த அத்தையின் குரல் வந்தது. “வித்தது நானு. ரெண்டாயிரத்து நூத்தி இருவது ரூபா.”