மூன்று எடுத்தால் அறுநூறு லாபம்

வேட்டி வாங்கினால் துண்டு இலவசம் என்றால், வேட்டி கட்டும் பழக்கமே இல்லாவிட்டாலும் வாங்கிவிடுகிற பரம்பரை எங்களுடையது. பீரோவில் மடிப்புக் கலையாத ஒன்பது துண்டுகள் இன்னும் இருக்கின்றன. நாற்பத்தேழு வயதில் நான் டிரையத்லானில் போய் விழுந்ததற்கு உடற்பயிற்சி ஆர்வம் காரணம் என்று யாராவது நினைத்தால், முதலில் அந்தத் துண்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும்.

தை மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே என்றால் நிம்மதி. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. “இன்னும் உள்ள வரலை சார். வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு இருக்கு. தினமும் அரை மணி நேரம் நடங்க” என்றார் டாக்டர். நடப்பதற்குச் செலவே கிடையாது. அத்தோடு நான் நின்றிருக்க வேண்டும்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைத் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறவன். பத்து கிலோமீட்டர் ஓட 1,200 ரூபாய் கட்டியிருப்பதாகச் சொன்னான். நம் ரோட்டில் நாம் ஓட எதற்கடா காசு என்றேன். “இதுவே பரவாயில்ல சார், டிரையத்லானுக்கு மூவாயிரம்” என்றான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே காலையில், ஒன்றன்பின் ஒன்றாக. மனக்கணக்குப் போட்டேன். ஒன்றுக்கு 1,200 என்றால் மூன்றுக்கு 3,600. இவர்கள் 3,000-க்குத் தருகிறார்கள். அறுநூறு ரூபாய் லாபம்! சாயங்காலத்துக்குள் பணம் கட்டிவிட்டேன்.

அதோடு, முதல் போடவே தேவையில்லாத வியாபாரம் இது என்றும் எனக்குத் தோன்றியது. கால் சொந்தக் கால். அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் கார் பார்க்கிங் மூலையில் தூசி போர்த்தித் தூங்குகிறது. நீச்சலோ பத்து வயதில் கிணற்றில் கற்றது.

என் மனைவி வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். நீள நோட்டில் மளிகை, பால், வைத்தியம், பிள்ளை படிப்பு, இதரம் என்று கோடு போட்ட தலைப்புகள். மூவாயிரம் என்றதும் பேனா நின்றது. “ஏங்க, இதை எதுல எழுதட்டும்?”

“வைத்தியத்துல எழுது.”

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு ‘இதரம்’ என்று எழுதினாள்.

பணம் கட்டிய பிறகுதான் இந்த விளையாட்டின் பூர்வோத்தரத்தைப் படித்தேன். 1974-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் சின்னதாகத் தொடங்கியதாம். அதைப் பூதமாக்கியது ஹவாய். ஓடுகிறவன் உசத்தியா, நீந்துகிறவன் உசத்தியா, சைக்கிள்காரன் உசத்தியா என்று அங்கே பேச்சு முற்றியிருக்கிறது. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, மூன்றையும் சேர்த்தே செய்து பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். 1978-இல் 15 பேர் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42 கி.மீ. ஓட்டம். இரண்டாவதாக வந்தவரின் உதவியாட்களிடம் வழியில் தண்ணீர் தீர்ந்துபோய், பீரைக் கொடுத்து ஓடவிட்டார்களாம். நம்மூரில் இந்த மாதிரி வாதங்கள் டீக்கடை பெஞ்சில் பிறந்து அங்கேயே அடக்கமாகிவிடும். யாரும் எழுந்து நிரூபிக்கக் கிளம்புவதில்லை. அதைத்தான் நாகரிகம் என்கிறோம்.

நான் சேர்ந்தது ஸ்பிரிண்ட் என்கிற கடைக்குட்டி ரகம்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம்.

விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர்க் கிணறு இருபதடிக்கு இருபதடி சதுரம். இடுப்பில் கயிறு கட்டிப் பெரியப்பா தூக்கிப் போட்டதில் நான் கற்றது குதிப்பது, முங்குவது, அடிமண் எடுத்து வந்து காட்டுவது, தலையை மேலே வைத்துக்கொண்டு எதிர்ப்படிக்குப் போவது. இதையெல்லாம் வைத்து முப்பத்தேழு வருடமாக எனக்கு நீச்சல் தெரியும் என்று ஊரை நம்பவைத்திருந்தேன். கிணற்றில் ஒருவன் நேராக ஆறு மீட்டருக்கு மேல் நீந்தவே முடியாது என்பது நீச்சல் குளத்தில் இறங்கிய அன்றுதான் உறைத்தது. 750 மீட்டர் என்றால் எங்கள் கிணற்றை 125 தடவை கடக்க வேண்டும். நடுநடுவே படியில் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்னக் கூடாது.

இறங்குவதற்கே பெரும்பாடு. பருத்தி டவுசரோடு போனவனை வாசலிலேயே மடக்கினார்கள். நைலான்தான் போட வேண்டும், தலைக்குத் தொப்பியும் வேண்டும். முடி உதிர்ந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளுமாம். என் தலையை நேருக்கு நேர் பார்த்த பிறகும் அந்த விதியை அவர்கள் தளர்த்தவில்லை. இரண்டுக்கும் சேர்த்து 550 ரூபாய். நடைபாதையில் 120 ரூபாய்க்கு வாங்கிய கண்ணாடி தண்ணீரை வெளியே நிறுத்துவதற்குப் பதில் உள்ளே சேமித்தது. நல்லதாக இன்னொன்று, 550.

காலை ஆறரை மணி வகுப்பில் என்னோடு பதினொரு பேர். எல்லோருக்கும் ஏழெட்டு வயது. “சார், தலையைத் தூக்கினா இடுப்பு எறங்கிடும். தரையைப் பார்த்துக்கிட்டே போங்க” என்றார் பயிற்சியாளர். தலை ஒரு தட்டு, கால் ஒரு தட்டு. நீச்சலே தராசு வேலைதான் என்று புரிந்தது. புரியாதது மூச்சு. நான் ஒரு இழு இழுத்து, கன்னத்தில் அடக்கி, அதைக் கட்டிக் காத்துக்கொண்டே போவேன். பத்து மீட்டரில் நெஞ்சு வெடிக்கும். “அடக்காதீங்க சார், தண்ணிக்குள்ளேயே ஊதி விட்டுடுங்க. மேல வர்றப்ப இழுக்க மட்டும்தான் நேரம் இருக்கும்.” காற்று போதாமல் மூச்சு முட்டவில்லையாம். பழைய காற்றை வெளியே விடாததால் கரியமில வாயு சேர்ந்துதான் முட்டுகிறதாம். வீட்டில் வந்து இதைச் சொன்னேன்.

“உங்களுக்குத்தான் எதையும் வெளிய விட மனசு வராதே” என்றாள் கணக்குப்பிள்ளை.

கடைசியில் எனக்குக் கற்றுக்கொடுத்தது மஞ்சள் தொப்பிக் குட்டிப் பெண் ஒருத்தி. பக்கத்தில் வந்து, “அங்கிள், இப்படி,” என்று முகத்தைத் தண்ணீரில் வைத்து, கொதிக்கிற ரசம் மாதிரி குமிழி விட்டுக் காட்டினாள். நானும் விட்டேன். “அவ்ளோதான், பயப்படாதீங்க” என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். மாதம் 1,200 வீதம் மூன்று மாதக் கட்டணத்தை மனைவி எந்தக் கேள்வியும் இல்லாமல் ‘பிள்ளை படிப்பு’ தலைப்பில் எழுதினாள்.

சைக்கிளைத் தெருமுனைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடைக்கார பாய் அதைச் சுற்றி வந்தார், பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்தார். “அத்தாவோடதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு, கோட்டம் எடுத்து, பால்ஸ் மாற்றி, பிரேக் கட்டை, செயின், இரண்டு டயர், ட்யூப் என்று முழு ஓவராலிங்குக்கு 2,500 சொன்னார். பந்தயத்துக்கு என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது. “கேரியர், ஸ்டாண்டைக் கழட்டிட்டா மூணு கிலோ குறையும் சார்.” பந்தயக்காரர்களின் கார்பன் சைக்கிள் எட்டு கிலோதான் இருக்கும், விலை லட்சத்தில். என் வண்டி இருபதைத் தொடும். ஆனால் அந்த மூன்று கிலோவை என் வயிற்றிலிருந்து குறைத்துக்கொண்டால் கழற்றும் கூலி மிச்சம். தவிர, கேரியர் இருந்தால் திரும்பும்போது காய்கறி வாங்கி வரலாம். இரண்டும் இருக்கட்டும் என்றேன்.

விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரை வரை போய்த் திரும்புவேன். வழுவழு உடையில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் “குட் மார்னிங் அங்கிள்” என்று விர்ரென்று கடப்பார்கள். அவர்கள் கடந்ததில் எனக்கு வருத்தமில்லை. சைக்கிள் விலை அப்படி. நீலாங்கரை தாண்டி ஒருவர் கடந்தார், அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அவரும் ஓட்டியது ஹெர்குலிஸ். வேட்டியை மடித்துக் கட்டி, பீடி ஒரு கையில், கேரியரின் இரு பக்கமும் இளநீர்க் குலைகள் தொங்க, என்னை முந்திப் போய், சாலையோரம் கடை விரித்து, நான் வந்து சேர்வதற்குள் ஒன்றைச் சீவியும் வைத்திருந்தார். “மூச்சு வாங்குது, குடி சார்” என்றார். ஐம்பது ரூபாய்.

அடுத்து ‘பிரிக்’ என்று ஒரு பயிற்சி உண்டு என்றான் தம்பி. செங்கல் தூக்க வேண்டுமோ என்று பயந்துவிட்டேன். சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓடுவதற்குத்தான் அந்தப் பெயர். ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடி வட்டமாகச் சுற்றிப் பழகிய தொடைக்கு, திடீரென்று நிமிர்ந்து ஓடு என்றால் உத்தரவு போய்ச் சேரவில்லை. என் இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய காலோ மாட்டியிருந்தது. ஐந்து நிமிடம் கழித்து அது என் கால்தான் என்று ஒப்புக்கொண்டது. இடது முட்டி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பிசியோதெரபி நான்கு தடவை, தடவைக்கு 400. அது மட்டும்தான் ‘வைத்தியம்’ என்ற தலைப்பில் ஏறியது.

வழியில் தின்ன ஜெல் என்று ஒன்று விற்கிறார்கள். கட்டைவிரல் அகலப் பொட்டலத்தில் சர்க்கரைக் கூழ், நூறு ரூபாய்க்கு மேல். 2020-இல் புவிசார் குறியீடே வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாய் இருக்கும்போது இது என்னத்துக்கு என்று வாயில் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு ஓடினேன். மூச்சை இழுத்ததில் அரைக்கடலை போகக் கூடாத வழியில் போய், எதிரே வந்த பெரியவர் முதுகில் குத்திக் காப்பாற்றினார். ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்கு வேண்டிய இருப்பை உடம்பே தசையிலும் ஈரலிலும் வைத்திருக்கிறது, ஸ்பிரிண்டுக்கு ஒன்றுமே வேண்டாம் என்றான் தம்பி அப்புறமாக.

ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறுகிற நேரமும் கணக்கில் சேரும். அதற்குத் தோதாக முடிச்சுப் போட வேண்டாத எலாஸ்டிக் ஷூ நாடா கடையில் முந்நூறு ரூபாய். நான் தையல் சாமான் கடையில் முப்பது ரூபாய்க்கு எலாஸ்டிக் வாங்கினேன். மனைவி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஷூவின் ஒவ்வொரு கண்ணிலும் ஊக்கால் கோத்து இழுத்து, முனையில் நாலு தையல் போட்டுக் கொடுத்தாள். என் மொத்தத் தயாரிப்பிலும் உருப்படியாக வேலை செய்த ஒரே பொருள் அது. ஷூவுக்குள் பவுடர் தூவினால் ஈரக்கால் வழுக்கிக்கொண்டு நுழையும். இதை நான் பார்க்கிங்கில் ஒத்திகை பார்த்தேன். குழாயடியில் நனைந்து, ஓடி வந்து, ஹெல்மெட் வாரை மாட்டி (மாட்டுவதற்கு முன் சைக்கிளை எடுத்தாலே தண்டனை, அந்தச் சைக்கிள் ஹெல்மெட் 900 ரூபாய், ஸ்கூட்டர் ஹெல்மெட் செல்லாது), ஷூவில் காலை விட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட் வரை ஓட வேண்டும். மூன்றாம் நாள் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, ரகசியக் குரலில் கேட்டார்: “சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

பந்தயத்தன்று விடிவதற்கு முன்பே என் கையிலும் கெண்டைக்காலிலும் மார்க்கரால் 214 என்று எழுதினார்கள். சந்தை மாடு மாதிரி நடந்துபோனேன். லட்ச ரூபாய் சைக்கிள்களெல்லாம் சீட்டைக் கம்பியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த மைதானத்தில் சொந்தக் காலில் நின்ற சைக்கிள் என்னுடையது ஒன்றுதான்.

ஐம்பது மீட்டர்க் குளம், பதினைந்து நடை. எந்தப் பாணியிலும் நீந்தலாம். கயிற்றைப் பிடித்து இழுத்து முன்னேறாத வரை, பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம் என்று விதி இருக்கிறது. விதிப் புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்த ஒரே பகுதி. மூன்றாம் நடையின் நடுவில் சுவரும் இல்லை, படியும் இல்லை, பெரியப்பாவின் கயிறும் இல்லை. மிதவைக் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் குமிழி விட்டேன். அவ்ளோதான், பயப்படாதீங்க. விட்டுவிட்டு நீந்தினேன். பிறகு சைக்கிள், பிறகு யாருடைய காலோ, பிறகு என் கால். 2 மணி 21 நிமிடம். எனக்குப் பின்னால் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவருக்குப் பஞ்சர்.

அன்று இரவு குளிக்கும்போது கையில் அந்த எண் இருந்த இடத்தில் மட்டும் சோப்பு படாமல் பார்த்துக்கொண்டேன். வெளியே வந்தால் நோட்டு மேஜையில் விரித்துக் கிடந்தது. அறுநூறு ரூபாய் லாபத்துக்காகத் தொடங்கியதில், இளநீர் நீங்கலாக, 12,850 ரூபாய் போயிருந்தது. கூட்டல் சரியாகவே இருந்தது. செலவுப் பக்கத்தை மூடப்போனவன் வரவுப் பக்கத்தில் புது மையில் ஒரு வரியைப் பார்த்தேன்.

‘போட்டியில் கொடுத்த வாழைப்பழம் 2, டி-ஷர்ட் 1. தீபாவளிக்கு இவருக்குச் சட்டை வேண்டாம்.’