ஜோக்கர் முதலாளி

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில், 1999ஆம் ஆண்டு முதல் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் மூட்டை மூட்டையாகக் கைமாறிவரும் அந்தப் பெருஞ்சந்தையில், யார் எதைக் கேட்டாலும் வாய் திறந்து விடை பகராமல், கைத்தொலைபேசியைப் பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மந்தஹாசம் புரியும் கமிஷன் கனவான் ஒருவரைத் தாங்கள் அவசியம் தரிசித்திருப்பீர்கள். இவருடைய வர்க்கத்தார் எல்லா ஊரிலும் உண்டெனினும், விலை பொழுதுக்கொரு விதமாகப் புரளும் தம்புள்ளையிலேதான் பூரண வளர்ச்சி அடைந்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நுவரெலியாவிலிருந்து ஒரு தோட்டக்காரர், “முதலாளி, நாளைக்குக் கரட் என்ன விலை போகும்?” என்று வட்ஸ்அப்பில் விண்ணப்பம் செய்கிறார். ஏறும் என்று சொல்லி இறங்கிவிட்டால் பழி; இறங்கும் என்று சொன்னாலோ சரக்கு பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஆகவே முதலாளி ஒரு ஜோக்கர் சீட்டுச் சின்னத்தை அனுப்புகிறார். அதைச் சுபசகுனமாக வியாக்கியானம் செய்துகொண்டு அந்தப் பேதை மனிதர் லொறி ஏற்றிவிடுகிறார். மறுநாள் விலை விழுந்தால், “நேற்றே ஜோக்கர் போட்டேனே, தம்பி!” என்கிறார் முதலாளி. விலை ஏறினாலும் வாசகம் அதுவேதான். கடன் கேட்டவருக்கும் கல்யாணத்துக்கு அழைத்தவருக்கும் அதே சீட்டு. ஒரு மரண அறிவித்தலின் கீழும் அது வந்து விழுந்ததாகக் கேள்வி; விரல் தவறியது என்று கொள்வதே பண்பு.

1860களில் அமெரிக்கர்கள் யூக்கர் என்ற ஆட்டத்தின் பொருட்டுச் சிருஷ்டித்து, ரம்மி ஆடுவோரிடத்தில் எந்தச் சீட்டின் ஸ்தானத்திலும் நிற்கும் மகிமை பெற்று, 2010இல் யூனிக்கோட் 6.0 வாயிலாகக் கைத்தொலைபேசிக்குள் குடியேறிய இந்தக் கோமாளிக்கு, இப்படியொரு பக்தர் கிடைப்பார் என்று யார் கண்டது?

போயா தினங்களில் மட்டும் முதலாளி வேறொரு சின்னத்தைப் பிரயோகிப்பார். செவ்வானத்தில் வெண்ணிலா, கீழே கரிய குன்று: நம்முடைய குகைக் கோயில் மலைக்கு மேலே பூரணச் சந்திரன் உதிப்பதாகவே எண்ணி, ஊரெல்லாம் வாழ்த்தனுப்புகிறார். உண்மையில் அது ஹனாஃபுடா என்னும் ஜப்பானிய மலர்ச்சீட்டு, சூதாட்டத்துக்கும் பேர்போனது. 1889இல் கியோத்தோவில் நின்டெண்டோ நிறுவனம் தோன்றியதே அச்சீட்டுகளைச் செய்து விற்பதற்குத்தான். ஆனாலும் அந்த நிலாச் சீட்டு ஆகஸ்ட் மாதத்துக்கு உரியதாகையால், நிக்கினி போயாவுக்கு மாத்திரம் அவர் வாழ்த்து தற்செயலாகப் பொருந்திவிடுகிறது.

சந்தை ஓய்ந்த பின் அவரை ஓமி ஆட உட்கார்த்திப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்தில் ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகளுக்கே மரியாதை. இரண்டு முதல் ஆறு வரையான சில்லறைகளோடு ஜோக்கரையும் தூக்கி ஓரத்தில் வைத்துவிடுவார்கள். முதல் நான்கு சீட்டுகளைக் கண்ட மாத்திரத்தில், முறை வந்தவர் துரும்பு இன்னதென்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அந்த முறை தமக்கு வந்ததும் முதலாளி சீட்டுகளை விரிக்கிறார், மடக்குகிறார், இஸ்கோப்பன் என்று தொடங்கி இருமுகிறார், தேநீர் வந்ததா என்று விசாரிக்கிறார். எதிரே இருக்கும் பங்காளியோ தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

தம்புள்ளைக்குச் சரக்கு அனுப்பும் அன்பர்கள், லொறி புறப்படுமுன் விலையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.